பழைய ஃபைபர் படகுக்கு விலை பேசுமுன்

புதுப் படகு எடுக்க வசதியில்லாதவர்தான் பழைய ஃபைபர் படகைத் தேடிப் போகிறார். பெரும்பாலும் நகையை அடகு வைத்த பணம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு பகலை அந்தப் படகோடு கழிக்கச் சொல்வது அதனால்தான்.

படகைக் கரையேற்றிக் காயவிட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வரும்போது கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால், உள்ளே அடுக்கு விட்டிருக்கலாம். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த வாடையோடு நீர் கசிகிறதா? ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குத்தான் அதிக நேரம் வேண்டும். வெளியே ஃபைபர் பூசியிருந்தாலும் உள்ளே பல படகுகளில் பிளைவுட்தான். போல்ட் ஓட்டை வழியே நீர் புகுந்தால் வெளியே தெரியாமலே மக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், மக்கிய பலகை சேர்ந்து நெளியும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் விடியலில் போய், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

கண்ட குறைகளுக்கு ஃபைபர் பட்டறையில் செலவு கேட்டு எழுதி வாங்குங்கள். 2 லட்சம் கேட்கும் படகில் பின்பலகைக்கு 30,000 ஆகுமென்றால் பேச்சை 1,70,000-க்குக் கீழேதான் தொடங்க வேண்டும். வேலை முடியும்வரை தொழிலுக்குப் போகாத நாட்களையும் கணக்கில் சேர்ப்பது நியாயம்தான். "கொஞ்சம் கொறச்சுக்குங்கண்ணே" என்று கெஞ்சுவதைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

பதிவுச் சான்று விற்பவர் பெயரில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பெயர் மாறும்வரை ஒரு பகுதிப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும். இன்னொரு ஆபத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, பிடிக்கும் மீனை அவருக்கே போடும் வழக்கம் பல கரைகளில் உண்டு. அந்தக் கடன் தீராமல் படகு கைமாறினால் தகராறு உங்கள் வாசலுக்கு வரும். அந்த வியாபாரியையே சாட்சிக் கையெழுத்துப் போட வைப்பது நல்லது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஏமாற்றி விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய உரிமை தருகிறது. ஆனால் விற்றவர் சொல்லாமல் மறைத்த குறையை, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருக்கலாம் என்றால் அந்த உரிமை கிடையாது. தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே "பின்பலகை மாற்றியதா? விபத்து உண்டா? கடன் உண்டா?" என்று கேட்டு, பதிலை விற்பனைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

படகு வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர் ஏமாற்றினால், சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய நீங்கள் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை என்றால் கட்டணமில்லை. விற்றவர் உங்களைப் போன்ற மீனவர் என்றால் சிவில் நீதிமன்றம்தான். அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்கே போடாமல் லோக் அதாலத்தில் செலவின்றிப் பேசித் தீர்க்க முடியும். சட்ட உதவிக்கான இலவச எண் 15100.