உங்களுக்குத் தெரியுமா? ஹெல்சிங்கியில் இன்னும் நிற்கும் ஜார்

விடுதலை கிடைத்ததும் பழைய ஆட்சியாளரின் சிலையைப் பெயர்ப்பதுதான் உலக வழக்கம். பின்லாந்திலோ, ஹெல்சிங்கி செனட் சதுக்கத்தில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் இன்றும் வெண்கலமாய் நிற்கிறார். அரை நூற்றாண்டாகக் கூடாதிருந்த பின்லாந்து நாடாளுமன்றத்தை 1863இல் கூட்டியவர். ஸ்வீடிஷ் கோலோச்சிய அலுவலகங்களில் பின்னிஷ் மொழிக்கு வழிவிட்டவர். 1899இல் பேரன் இரண்டாம் நிக்கோலாஸ் பின்லாந்தின் தன்னாட்சியில் கைவைத்தபோது, மக்கள் தாத்தாவின் சிலையடியில் பூக்களைக் குவித்தார்கள். பூ வைத்ததற்கு யாரைக் கைது செய்வது? அதே குளிர்காலத்தில் பனிச்சறுக்கில் ஊர் ஊராய்ப் போய், எதிர்ப்பு மனுவுக்கு இரண்டே வாரத்துக்குள் 5 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டினார்கள். மனுவோடு போன சுமார் 500 பேரை ஜார் நிக்கோலாஸ் பார்க்கவே மறுத்துவிட்டார். 1917 டிசம்பர் 6இல் பின்லாந்து விடுதலையை அறிவித்தது. அம்மாதக் கடைசி நாளில் அதை ஏற்றுக்கொண்டது லெனின் அரசு.