ரத்தத்துக்குள் மறையும் புற்று

கட்டி என்று மருத்துவமனைக்குப் போனால், மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி, வந்ததை ஸ்லைடில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். எஃப்.என்.ஏ.சி. எனப்படும் இந்தப் பரிசோதனைக்கு மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம். தைராய்டு, மார்பகம், நெறிக்கட்டி எனப் பலவற்றுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் தோன்றும் அரிய புற்றுநோய்கள்தான் ஊசிக்குத் தண்ணி காட்டுகின்றன.

ஊசியில் ஏறுவதே பெரும்பாலும் ரத்தம்தான். ஸ்லைடு முழுக்கச் சிவப்பணுக்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புற்றுச்செல்கள். அவற்றிலும் ஆள்மாறாட்டம் நடக்கும். இந்தப் புற்றுகளில் ஒன்றான ஆஞ்சியோசார்கோமாவின் எபிதிலியாய்டு வகையில் செல்கள் உருண்டு பருத்து, அடிக்கடி காணும் புற்றான கார்சினோமா போலவே தெரியும். கார்சினோமாவின் அடையாளமான கெரட்டின் புரதம்கூடச் சில நேரம் இதில் பாசிட்டிவ் ஆகிவிடும். அந்த ஒரு சோதனையோடு நிறுத்தினால் நோயின் பெயரே மாறிப்போகும்.

அனுபவமுள்ள நோய்க்குறியியலாளர் தேடுவது மிகச் சிறிய தடயம் ஒன்றை. செல்லுக்குள் வட்டமான ஒரு வெற்றிடம். அதனுள் ஒன்றிரண்டு சிவப்பணுக்கள். உட்சுவர்ச் செல் புற்றாக மாறியும், கூட்டத்தை விட்டுத் தனித்து நின்றும், தனக்குள்ளேயே ஒரு குழாய் அமைக்கப் பார்க்கிறது! பார்வையை மறைத்த அதே ரத்தம் இங்கே சாட்சி சொல்கிறது. எல்லா ஸ்லைடிலும் இது கிடைக்காது. கிடைத்தாலும் தேடத் தெரிந்தவர் கண்ணில்தான் படும்.

சந்தேகம் வந்தால், எஞ்சிய சாம்பிளை மெழுகில் பதித்து 'செல் பிளாக்' ஆக்கி, உட்சுவர்ச் செல்லை அடையாளம் காட்டும் சி.டி.31, ஈ.ஆர்.ஜி. ஆகிய புரதங்களைத் தேடுவார்கள். ஈ.ஆர்.ஜி. புராஸ்டேட் புற்றுநோய் பலவற்றிலும் தென்படும். எனவே ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

உட்சுவர்ச் செல்களில் தோன்றும் மற்றொரு புற்றான எபிதிலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா இன்னும் அரிது. 1982இல் வைஸ், எஞ்சிங்கர் இருவரும் இதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள். 1, 3ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதே இதன் காரணம் என்பது 2011இல் தெரியவந்தது. பெரும்பாலான நோயாளிகளில் இந்த இணைவு உண்டு. இப்போது காம்டா1 என்ற புரதத்துக்கான சாயச் சோதனை ஊசியில் வந்த சில செல்களிலேயே அதைக் காட்டிக்கொடுக்கிறது. கல்லீரலிலும் நுரையீரலிலும் பல புள்ளிகளாகத் தோன்றுவதால், வேறெங்கிருந்தோ பரவிய புற்று என இதைத் தவறாக நினைப்பதுண்டு. ஆஞ்சியோசார்கோமா வேகமாகப் பரவும். இதுவோ சிலரிடம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சரியான பெயர் தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவது பெரும் அநீதி.

ஆகவே, 'ரத்தம் மட்டுமே உள்ளது' என்று ரிப்போர்ட் வந்தால், புற்று இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். சாம்பிள் போதவில்லை என்பதே அதன் பொருள். தடித்த ஊசியில் திசுவெடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தாலோ, மார்பக அறுவைக்குப் பின் கை நெடுநாள் வீங்கியிருந்தாலோ, ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோசார்கோமா வரக்கூடிய சூழல்கள் அவை.