மாவு மில்லின் மூடியைத் திறந்தபோது!

கோவையில் தெருவுக்குத் தெரு மாவு மில் உண்டு. ஆனால் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கல் கொத்தும் நாளில் போக வேண்டும். நான் போனது அப்படியொரு நாளில்!

மூடியைக் கழற்றியதும் தெரிந்தவை இரண்டே இரண்டு வட்டக் கற்கள், முகத்தோடு முகம் பார்த்தபடி. ஒன்று அசையாது. மற்றொன்று பெல்ட் இழுக்கிற வேகத்தில் சுழலும். மேலே தொட்டியில் கொட்டுகிற ராகி நடுத்துளை வழியே இறங்கி, இரண்டுக்கும் நடுவே நசுங்கி, விளிம்புக்கு வந்து, துணிக்குழாய் வழியாகச் சூடாகக் கொட்டும். விளிம்புக்கு அதைத் தள்ளிக்கொண்டு வருவது எது தெரியுமா? வயலில் வாய்க்கால் வெட்டியதுபோல, நடுவிலிருந்து ஓரம்வரை கல்லில் செதுக்கிய பள்ளங்கள்! அவை மழுங்கினால் மாவு அளவுக்கு மீறிச் சூடாகும், அரவையும் இழுக்கும். அதற்காகத்தான் உளியும் சுத்தியும்.

"கை வெச்சுப் பாருங்க தம்பி" என்றார் மில்லுக்காரர். புதிதாகக் கொத்திய பக்கம் விரலைப் பிறாண்டியது. கொத்தாத பக்கம் வழுக்கியது. ஆஹா!

பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரம். அதில்தான் மொத்த வித்தையும். இறுக்கினால் களிக்கு நைஸ் மாவு, தளர்த்தினால் கம்மஞ்சோத்துக்குக் குருணை. அவர் அளவுகோல் எதையும் பார்ப்பதில்லை. விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்க்கிறார், சக்கரத்தைக் கால் திருகு திருகுகிறார், அவ்வளவுதான்.

வரிசையும் முக்கியம். ஒரே மெஷின் என்றால் கோதுமை, ராகியெல்லாம் முதலில், மிளகாய் கடைசியில். சீயக்காய்க்கும் அரப்புக்கும் தனி மெஷின். வாசலில் கால் வைக்கும்போதே அக்காமார் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ணா, மொளகா ஓட்டிட்டீங்களா?"

இந்த மில் சத்தத்துக்குப் பின்னால் ஊரின் வரலாறே ஓடுகிறது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது; அந்த மின்சாரம் மலையிறங்கி வந்து கோவையின் ஆலைகளைச் சுழற்றியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். 1955-இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லையே மோட்டாரில் பூட்டினார். வெட் கிரைண்டர் பிறந்தது! இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அரைப்பதில் இந்த ஊருக்கு அப்படியொரு பிரியம்.

உங்கள் தெரு மில்லில் அடுத்து எப்போது கல் கொத்துவார்கள் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். போகும்போது கொஞ்சம் கம்பும் கொண்டு போங்கள். கொத்திய கல்லில் ஓட்டிய மாவை வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட மறக்காதீர்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும்.