விழுமியமும் உளச்சிகிச்சையும்

விழுமியம் என்றால் நற்பண்பு என்றே நாம் பெரும்பாலும் விளங்கிக்கொள்கிறோம். உளச்சிகிச்சையில் அதன் பொருள் சற்று வேறு. எதைப் பெறுமதியானதாகக் கருதி ஒருவர் வாழ்கிறாரோ, அதுவே அவரது விழுமியம். அது இலக்கு அல்ல. ஹட்டனில் ரயிலேறினால் நானுஓயாவில் இறங்கலாம். கிழக்குத் திசையில் இறங்க முடியாது. இலக்கு அந்த நிலையத்தைப் போன்றது, தவறிப்போகலாம். விழுமியம் திசை, ரயிலை விட்டவரும் அந்தப் பக்கம் நடக்கலாம்.

இந்தச் சிந்தனையைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வியன்னா உளமருத்துவர் விக்டர் பிராங்கல் (1905-1997). மாக்ஸ் ஷேலர் என்ற ஜெர்மானிய மெய்யியலாளரின் விழுமியக் கோட்பாடு அவரை ஆழமாகப் பாதித்தது. நாஸி வதைமுகாம்களில் உயிர்தப்பி, அந்த அனுபவத்தை 1946இல் நூலாக்கினார். வாழ்வின் பொருள் மூன்று வழிகளில் கிடைக்கும் என்றார்: நாம் ஆக்கித் தருவது, அனுபவிக்கும் அன்பும் அழகும், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம். ஒரு வழி அடைபட்டால் எல்லாம் அடைபட்டதாகாது.

உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். மருத்துவபீட வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. "இனி நான் எதுக்கு டீச்சர்?" என்றாள். "திரும்ப எழுதலாம்" என்பது இதற்குப் பதிலாகாது. அவள் கேட்டது பரீட்சையைப் பற்றியல்ல. வைத்தியராகும் ஆசை எப்படி வந்தது என்று கேட்டேன். சீனி வருத்தத்தால் உம்மும்மாவின் காலில் வந்த புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்து கட்டியவள் அவள்தானாம். அந்தப் பணிக்கு அவள் எந்தப் பெறுபேற்றுக்கும் காத்திருக்கவில்லையே! மீண்டும் எழுதுவதா, தாதியர் பயிற்சிக்குப் போவதா என்று இன்னும் யோசிக்கிறாள்.

விழுமியத்தைச் சிகிச்சையாளர் ஊட்டக்கூடாது. வந்தவரிடமே தேட வேண்டும். போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனப்பதற்றத்தைத் தணிக்க ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் பயிற்சியைப் பயன்படுத்தினார். சொல் அவரவர் சமயத்துக்குரியது: இந்துவுக்கு 'ஓம்', முஸ்லிமுக்கு 'சுப்ஹானல்லாஹ்'.

பெற்றோருக்கு இது சற்றுக் கசக்கலாம். 'டாக்டர்' என்பது பிள்ளையின் விழுமியமா, ஊரில் நமக்குள்ள கௌரவமா? வீட்டில் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பிள்ளை பேசினாலோ, விழுமியம் பேசிக்கொண்டிராமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.