உங்களுக்குத் தெரியுமா? கல்யாணுக்கு வந்த திருத்தூதர்

மயிலாப்பூர் தோமையாரை நமக்கெல்லாம் தெரியும். இயேசுவின் பன்னிரு சீடர்களில் இன்னொருவரும் இந்தியா வந்தார், அதுவும் மும்பைக்குப் பக்கத்திலுள்ள கல்யாணில் இறங்கினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர் புனித பர்த்தலமேயு.

ஆதாரம்? 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாந்திரியாவிலிருந்து பந்தேனுஸ் என்ற ஆசிரியர் இந்தியா போனார். அங்கே அவருக்கு முன்பே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் எபிரேய எழுத்தில் மத்தேயு நற்செய்தி இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போனவர் பர்த்தலமேயுதான் என்று 4ஆம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிவைத்தார். அக்காலத்துக் கிரேக்கர்கள் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்பதுண்டு. அதனால்தான் வழக்கு இன்னும் தீரவில்லை.

கல்யாண் என்று ஏன் சொல்கிறார்கள்? செங்கடல் வணிகத்தைப் பற்றிய 1ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடு ஒன்று இந்தத் துறைமுகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், பாரசீகத்தில் நியமனம் பெற்ற ஆயர் ஒருவர் இங்கே இருந்ததாக எழுதினார். இவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கல்யாணுக்காக வாதாடியவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு ஏ.சி. பெருமாலில். மரபை நிரூபிக்க இவை போதாதுதான். ஆனால் மேற்கிலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்த ஊரின் பெயரை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஆர்மேனியாவில் உயிரோடு தோலுரித்துப் பர்த்தலமேயுவைக் கொன்றார்கள் என்பது மரபு. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய கடைசித் தீர்ப்பு ஓவியத்தில், தன் தோலையே கையில் பிடித்திருப்பவர் இவர்தான்.

தோல் பதனிடுவோருக்கும் தோல் தொழிலாளருக்கும் பாதுகாவலராக ஐரோப்பா இவரைத்தான் வைத்திருக்கிறது. இங்கேதான் எனக்கு மும்பையின் தாராவி நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தோல் பதனிடும் பட்டறைகள் எழுந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்களுக்கு அந்தத் தொழிலில் பெரும் பங்கு. உப்பிட்ட தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடி நீக்கி, சதை சீவி, பதப்படுத்தும் வேலை. நாற்றத்தையும் கைப்புண்ணையும் தாங்கிக்கொண்டவர்களைச் சாதி ஒதுக்கியே வைத்தது. அப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்கு ஒரு திருத்தூதரையே பாதுகாவலராக நிறுத்தியதைப் பெரிய மரியாதையாகவே பார்க்கிறேன். தாராவிக்குப் பக்கத்திலிருந்த பாந்த்ரா இறைச்சிக்கூடம் 1971இல் செம்பூரை ஒட்டிய தேவ்னாருக்கு மாறியது. பதனிடும் தொழிலும் தாராவியில் மெல்லத் தேய்ந்தது. பை, பெல்ட், பர்ஸ் தைப்பது இன்றும் நடக்கிறது.

பர்த்தலமேயுவின் திருநாள்: ஆகஸ்ட் 24.

பர்த்தலமேயுவைத் தங்கள் திருச்சபையின் தூதராக வணங்குபவர்கள் ஆர்மேனியர்கள். சென்னை பரங்கிமலையில் தோமையார் ஆலயத்துக்கு ஏறும் படிக்கட்டுகளைத் தம் பணத்தில் கட்டித் தந்தவரும் ஓர் ஆர்மேனிய வணிகர்தான்: கோஜா பெட்ரஸ் உஸ்கான். அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டியவரும் அவரே.