வெள்ளைத் தொப்பிப் பூண்டு

சொல்லிவிட்டு வரும் விருந்தாளிகள் உண்டு. சொல்லாமல் வரும் விருந்தாளிகளும் உண்டு. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சொல்லாமல் வந்து, வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் துரத்திவிட்டு, கூடத்தின் நடுவே தாமே பாய் விரித்துப் படுத்துக் கொள்ளும் வகை அது. செடி கொடிகளில் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது, பார்த்தீனியம் என்னும் பூண்டு.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரையில் பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் அழகை மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கே மேகமலை; மேற்கே ஏலமலைத் தொடர்; நடுவே நெல் வயல்களும், வாழைத் தோப்புகளும், திராட்சைப் பந்தல்களும். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பின், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் செய்த மாயம் இது. ஆனால் மலையையும் பந்தலையும் பார்க்கும் கண்களைச் சற்றே தாழ்த்திச் சாலை ஓரத்தைப் பார்க்க வேண்டும். தரிசு நிலத்திலும், வாய்க்கால் கரையிலும், பள்ளிக்கூட மைதானத்திலும், வீட்டு வாசலில் அருமையாக வளர்த்த அருகம்புல் தரையிலுங்கூட, மாவைத் தெளித்தாற்போல் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் தென்படும். பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே நம் ஜனங்கள் அதை வளர விட்டு விடுகிறார்கள்.

இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. உச்சியில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்பது, வெள்ளைக் கதர்த் தொப்பி அணிந்தவர்கள் கூட்டமாக நிற்பதை யாருக்கோ ஞாபகப்படுத்தியதாம். உண்மையில் இது புல் இனமும் அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற இலைப் பூண்டு. கதர்த் தொப்பிக்கு இதைவிடப் பெரிய அபவாதம் வந்திருக்க முடியாது!

இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்கள். நம் நாட்டில் 1955-ல் புனா நகரில் இதைக் கண்டு, அடுத்த ஆண்டு தாவரவியலார் எழுதி வைத்தார்கள். பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி அமெரிக்கா அனுப்பிய கோதுமையோடு கலந்து வந்தது என்பது எங்கும் வழங்கும் கதை. ஆனால் அந்தக் கோதுமைக்கு இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது 1956-ல். தவிரவும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இச்செடி இந்நாட்டில் இருந்ததற்குச் சான்று உண்டென்று ஆராய்ச்சியாளர் சிலர் காட்டுகிறார்கள். எப்படி வந்தது என்று கடலுக்கு அப்பால் இருப்பவர்மேல் பழி சுமத்திக் கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. இன்று அதை வளர்ப்பது நம்முடைய அசிரத்தைதான்.

முதலில் அடையாளம் தெரிந்துகொள்வோம். இளஞ்செடி தரையோடு தரையாக வட்டமாக இலை விரித்துப் படுத்திருக்கும். இலைகள் காரட் இலையைப் போல, மாசிபத்திரி இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பிறகு நடுவிலிருந்து வரி வரியான தண்டு எழும்பி, பல கிளைகளாகப் பிரிந்து, இடுப்பளவும் அதற்கு மேலும் உயரும். கிளை நுனிகளில் சின்னஞ்சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். புல்தரையில் சாதாரணமாகக் காணும் வெட்டுக்காயப் பூண்டு வேறு. அதன் இலை பிளவுபடாமல் ஓரத்தில் பல் வெட்டியிருக்கும். ஒரு நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவோடு ஒற்றைப் பூ நிற்கும். குற்றவாளியைப் பிடிக்கப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டி இழுத்து வரக்கூடாதல்லவா?

இது செய்யும் தீங்குகள் பல. இதில் உள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் அக்கம்பக்கத்துச் செடிகளின் முளைப்பைத் தடுக்கிறது. மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். அதிகமாகத் தின்றால் உடம்பே கெடும். மனிதரிலோ, செடி படப்பட முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் தடித்து, அரித்து, கறுத்துப் போகிறவர்கள் உண்டு. பூந்தூள் சிலருக்கு ஓயாத தும்மலையும் ஆஸ்துமாவையும் கொண்டு வருகிறது. ஒரு தடவை ஒவ்வாமை பிடித்தால் எளிதில் விடுவதில்லை. இந்தத் துன்பம் யாருக்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்துச் சொந்தக்காரருக்கு அன்று. கூலிக்குக் களை எடுக்க வந்து, வெறுங்கையால் இதைப் பற்றி இழுக்கும் பெண்களுக்குத்தான். அடுத்தபடியாக, பந்தைத் தேடி இந்தப் புதருக்குள் நுழையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

இனி ஒரு சிறு கணக்கு. கணக்கு என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது எளிய கணக்கு. ஒவ்வொரு பூந்தலையிலும் ஐந்து விதை. நன்கு வளர்ந்த ஒரு செடியில் மொத்தம் பதினைந்தாயிரம் விதை வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் உண்டாகும். நூற்றில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று வைத்துக் கொண்டாலும் 150 செடிகள். அந்த 150-ம் பூத்தால் விதை இருபத்திரண்டரை லட்சம்! முளைத்து ஒன்றிரண்டு மாதத்திற்குள் பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் கிடைத்தால் ஆண்டில் பல தலைமுறை பிறக்கும். மண்ணில் புதைந்த விதையோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். காற்றும், வாய்க்கால் தண்ணீரும், லாரிச் சக்கரத்துச் சேறும், எருவும், மணலும் விதைக்கு வாகனங்கள்.

ஆகவே இந்தப் போரில் முக்கியமான நாள் ஒன்றே: பூப்பதற்கு முந்திய நாள். பூத்து முதிர்ந்த பின் பிடுங்கி உதறிக்கொண்டே இழுத்துச் செல்கிறவர், களை எடுக்கவில்லை, விதை விதைக்கிறார். கத்தியால் அறுப்பதும் புல்வெட்டும் யந்திரத்தை ஓட்டுவதும் போதா. அடித்தண்டு மீண்டும் துளிர்த்து, இன்னும் தாழ்வாகப் பூத்துவிடும்.

மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வேரோடு பிடுங்குவதே உத்தமம். கையுறை இல்லையேல் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக் கொள்ளலாம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களும் குழந்தைகளும் இந்த வேலைக்கு வரக்கூடாது. பூக்காத செடிகளைக் குழியிலிட்டு மக்க வைத்தால் நல்ல எரு. பூத்தவற்றை உதறாமல் சாக்கில் கட்டி ஆழப் புதைக்க வேண்டும். வேலை முடிந்ததும் உடம்பையும் உடுப்பையும் நன்றாகக் கழுவுவது அவசியம்.

பயிர் இல்லாத தரிசில், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நாளில், பூக்குமுன் தெளிக்கலாம். புல்தரையிலும் பயிருக்கு அருகிலும் இது கூடாது. உப்பு நிலத்தைக் கெடுத்துவிடும். களைக்கொல்லி மருந்துகளில் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விசேஷ எச்சரிக்கை ஒன்று உண்டு. 2,4-டி என்னும் மருந்து அகன்ற இலைப் பூண்டுகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். ஆனால் காற்றில் அதன் சாரல் மிதந்து சென்றால் திராட்சைக் கொடி, பருத்தி, தக்காளி எல்லாம் இலை சுருண்டு வாடும். நம் வாசலைச் சுத்தம் செய்யப் போய் அயலாரின் பந்தலை அழிக்கலாமா? பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டறியாமல் இம்மருந்தைத் தொடாதிருப்பதே விவேகம்.

நமக்கு ஒரு சிறு கூட்டாளியும் உண்டு. மெக்ஸிகோ நாட்டிலிருந்து 1983-ல் பெங்களூருக்கு வரவழைத்து, சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு வெளியே விட்ட வண்டு அது. பாலேட்டு நிற முதுகில் பழுப்புக் கோடுகள் போட்டிருக்கும். வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையை மொட்டையடித்துவிடும். ஆனால் மழைக் காலத்தில்தான் அதற்குச் சுறுசுறுப்பு. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய் உறங்கும். அதைக் கண்டால் நசுக்காதிருப்போம். எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாமலும் இருப்போம்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடுவது, வந்தவனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானம். ஆவாரை, தகரை, கொழிஞ்சி, துத்தி ஆகிய நம் செடிகள் அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் தலை தூக்குவது கஷ்டம். மழைக்கு முன் தரிசுகளில் அவற்றின் விதையைத் தூவலாம். வாசலில் அருகு இடைவெளியின்றி அடர்ந்திருக்கட்டும்.

மைசூர்ச் சீமையை உள்ளடக்கிய கர்நாடக ராஜ்யம் 1975-லேயே இதைத் தீய களை என்று சட்டப்படி அறிவித்தது. சட்டம் நல்லதுதான்; ஆனால் சட்டப் புத்தகம் வயலில் இறங்கிக் களை பிடுங்காது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரையில் ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் விதைக்கு வாரக் கணக்குத் தெரியாது. ஆடியில் ஒரு தரம், ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தரம், மறு ஆண்டும் அப்படியே, அதற்கு மறு ஆண்டும் அப்படியே என்று தெருவார் அனைவரும் சேர்ந்து செய்தால்தான் மண்ணிலுள்ள கையிருப்புத் தீரும். ஒரு வீட்டார் மட்டும் செய்தால், அடுத்த மனையிலிருந்து காற்று மறுபடியும் கொண்டு வந்து கொடுத்துவிடும்.

நாளைக்கே ஒரு முறை உங்கள் தெருக் கோடி வரையில் நடந்து பாருங்கள். தரையோடு படிந்த இலை வட்டம் தென்பட்டால் அதுதான் நல்ல தருணம். இன்னும் தொப்பி அணியவில்லை. அணிவதற்குள் ஆக வேண்டியதைச் செய்துவிடுங்கள்.