வீட்டிலேயே பவுடர் கோட்டிங்: கைக்காசைப் போடுமுன் கணக்குப் பாருங்கள்

2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எமது நாட்டு மக்கள் புதியதைத் தேடுவதை விட்டு, இருப்பதைப் புதுப்பித்துப் பாவிக்கப் பழகிக்கொண்டார்கள். இந்தத் தேவையை நம்பி வீட்டோடு ஆரம்பிக்கக்கூடிய தொழில்களில் ஒன்று, வாகனப் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்து கொடுப்பதாகும். ஒரு கன், ஒரு மின்சார ஓவன், ஒரு கொம்பிரசர் இருந்தால் போதும் என்று இதைப் பலரும் இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் இலாபமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

வேலை நடப்பது எப்படி?

சாதாரண பெயின்ட் தின்னரில் கரைந்து வருவது. இதிலோ தின்னர் இல்லை, உலர்ந்த தூள் மட்டுமே. கன் அந்தத் தூளுக்கு மின்னேற்றம் கொடுக்கிறது. எர்த் கொடுக்கப்பட்ட உலோகம் அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. பின்னர் ஓவனில் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடம் வைத்தால் தூள் உருகி, இறுகி, 60 முதல் 80 மைக்ரோன் தடிப்பில் கெட்டியான படையாகிவிடும். நிறத்துக்கு நிறம் வெப்பமும் நேரமும் மாறும் என்பதால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் தவறுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். ஓவன் சூடானதும் எண்ணத் தொடங்கக்கூடாது; உலோகம் அந்தச் சூட்டை அடைந்த பிறகே எண்ண வேண்டும். தடித்த இரும்பு அதற்கு அரைமணி நேரம்கூட எடுக்கும். சரியாக வேகாத பூச்சு பார்க்க அழகாகவே இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுபோய்ச் சில வாரங்களில் உரிந்துவிடும். தூரத்திலிருந்து வெப்பம் காட்டும் சிறிய வெப்பமானி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

துப்புரவுக்குத்தான் கூலி

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். 70 மைக்ரோன் தடிப்பில் பூசினால் ஒரு கிலோ தூள் ஏட்டளவில் 9 சதுர மீற்றருக்குப் போதும். கீழே விழுந்து பாதி வீணானாலும் 4 சதுர மீற்றருக்கு மேல் வரும். 3 கிலோவொற் ஓவன் ஒரு மணி நேரம் முழுமையாக எரிந்தாலும் 3 அலகுதான். ஆகவே தூளும் மின்சாரமும் பெரிய செலவல்ல. பழைய பெயின்டையும் துருவையும் எண்ணெயையும் எடுக்கும் நேரம்தான் செலவு. விலை சொல்லும்போது பாகத்தின் அளவை மட்டும் பார்க்காமல், அதைத் துப்புரவாக்க எத்தனை மணித்தியாலம் போகும் என்று பார்த்துச் சொல்லுங்கள். வீட்டு மின்பட்டியலில் அலகு கூடக்கூட அலகின் விலையும் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

துரு எடுக்க ஆற்று மணலையோ கடல் மணலையோ வீசுவது மிகப் பெரிய தவறு. அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். பிரித்தானியா 1949ஆம் ஆண்டிலேயே இந்த வேலைக்கு மணலைத் தடைசெய்துவிட்டது. கார்னெட், அலுமினியம் ஒக்சைட் போன்றவற்றைப் பாவியுங்கள். வசதி இல்லாவிட்டால், பிளாஸ்டிங் செய்யும் இடத்தில் கூலிக்குக் கொடுத்து எடுப்பதே மேல்.

வார்ப்பு அலுமினியம் தன் நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். தூள் அடிக்குமுன் ஒருமுறை வெறுமனே சூடாக்கி எடுக்காவிட்டால் பூச்சில் கொப்புளம் வரும். துப்புரவாக்கிய இரும்பை வெறுங்கையால் தொடாமல் அன்றே பூசிவிட வேண்டும். கல்முனை, காத்தான்குடி, பேருவளை போன்ற கரையோர ஊர்களின் உப்புக் காற்றில் ஓர் இரவு போதும், துரு மீண்டும் எட்டிப் பார்க்க. அப்பகுதிகளில் அடியில் எபொக்சி பிரைமரும் மேலே பொலியெஸ்டரும் அடிப்பது நல்லது. எபொக்சியை மட்டும் அடித்தால் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பாகும்.

'முடியாது' என்று சொல்ல வேண்டியவை

இந்தத் தொழிலில் பெயரைக் காப்பாற்றுவது, ஏற்றுக்கொள்ளாத வேலைகள்தான். எண்ணெயோ வாயுவோ அடைத்த சொக் அப்சோபரை ஓவனில் வைத்தால் வெடிக்கலாம். பெற்றோல் இருந்த தாங்கியும் அப்படியே. றப்பர் புஷ், பெயாரிங் ஆகியவற்றைக் கழற்றாத பாகங்களையும், சாதாரண ஃபில்லர் பூசிய பாகங்களையும் எடுக்க வேண்டாம்.

அலோய் வீல் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் உறுதி, தொழிற்சாலையில் கொடுக்கப்பட்ட வெப்பப் பதப்படுத்தலில் தங்கியிருக்கிறது. அளவுக்கு மீறிய சூட்டிலோ திரும்பத் திரும்பச் சூடாக்குவதிலோ உலோகம் மென்மையாகிவிடும். வெடித்த, வளைந்த வீல்களைத் திருப்பி அனுப்புங்கள். எந்த வீலானாலும் நட் அமரும் இடத்திலும் ஹப்போடு பொருந்தும் முகத்திலும் பூச்சுப் படக்கூடாது. அங்கே படிந்த பூச்சு நசுங்கி நட் தளர்ந்தால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்றுவிடும். பத்து நிமிடம் மினக்கெட்டு, சூட்டைத் தாங்கும் டேப் ஒட்டுவதற்கு ஒரு குடும்பத்தின் உயிர் பெறுமதி. மோட்டார் சைக்கிள் பிரேம் வந்தால் செசி இலக்கத்தை மூடிப் பாதுகாக்க வேண்டும். அது அழிந்தால் உரிமையாளருக்குப் பெரும் சிக்கல்.

வீடும் அயலவரும்

தூள் அடித்த ஓவன் மீண்டும் குசினிக்குப் போகக்கூடாது. காஸ் ஓவன் வேண்டவே வேண்டாம். காற்றில் மிதக்கும் தூள் தீப்பொறி பட்டால் பற்றி வெடிக்கக்கூடியது. சமையலறையிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள தனி இடம், சரியான எர்த் இணைப்பு, முகக்கவசம், தீயணைப்புக் கருவி ஆகியவை அவசியம். சிலவகைத் தூள்களில் உள்ள டிஜிஐசி என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. அது இல்லாத தூளைக் கேட்டு வாங்கலாம். கூலிக்கு வேலை எடுக்குமுன், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவையா என்று உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ விசாரியுங்கள். முறைப்பாடு வந்த பின் ஓடித் திரிவதை விட இது சுலபம்.

எங்கிருந்து தொடங்குவது?

17 அங்குல ரிம் சாதாரண வீட்டு ஓவனுக்குள் போகாது. எனவே லீவர், பெடல், ஸ்டாண்ட், பிரெக்கட் போன்ற சிறு பாகங்களோடு ஆரம்பியுங்கள். கறுப்பு, சில்வர் என இரண்டு நிறம் போதும். நிறம் கூடினால் தூள் தேங்கி முதல் முடங்கும். ஈரப்பதன் படாமல் இறுக மூடி வையுங்கள். முதல் இரண்டு மாதம் சொந்தப் பாகங்களில் பழகி, அவற்றையே மாதிரியாக அருகிலுள்ள கராஜ்களுக்குக் காட்டுங்கள். மாதாந்தம் நிலையான வேலை வரத் தொடங்கிய பிறகு பெரிய ஓவன் பற்றி யோசிக்கலாம். வேலை வருமுன் கடன் வாங்கி ஓவன் கட்டினால், ஓவனுக்காக நீங்கள் உழைக்க வேண்டிவரும்.